தேவையெண்டால் எழுதுவினம்

ஐரோப்பாவில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு இடம் மாறி வந்தவர்களை எங்கள் ஆட்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வந்த நாட்டைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். லண்டன் ஸ்ட்ரெதம் பகுதியில் எங்கள் தெருவில் மட்டும் ஒரு டென்மார்க் அக்கா, இரண்டு ஜேர்மன்காரர், பிரான்ஸ் மச்சான் என்று ஒருவர். எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தவர் சுவீடன்காரர். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை. நான் செய்ததற்குப் பிறகு அந்த மனிதரின் பெயரையும் பொதுவில் இழுத்துப் போட எனக்கு மனமில்லை.

அவரும் அக்காவுமாக இரண்டே பேர். இரண்டு பேரும் கலியாணம் கட்டவில்லை. அக்கா பத்து வயது மூத்தவர். தாய் இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவர். எண்பதுகளில் சண்டைக்குத் தப்பி இருவருமாகப் போய் விழுந்த இடம் சுவீடனின் வடக்கே ஒரு சிறிய ஊர். கடதாசித் தொழிற்சாலை ஒன்று, தேவாலயம் ஒன்று, மிச்சமெல்லாம் மரம். குளிர்காலத்தில் மத்தியானம் இரண்டு மணிக்கே பொழுது பட்டுவிடும். அந்த ஊரில் தமிழர் என்றால் இவர்கள் இருவரும்தான். இருபது வருஷம் அப்படி இருந்த பிறகு, அக்காவுக்குத் தமிழில் கதைக்க ஆள் வேண்டும் என்பதற்காகவே லண்டனுக்கு வந்தார்கள்.

வந்த முதல் வருஷம் என் மகளின் பிறந்தநாளுக்கு ஆறு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். எங்கள் ஆட்களுக்கு ஆறு மணி என்றால் ஏழரைக்குக் குளிக்கப் போவார்கள். சரியாக ஆறு மணிக்கு மணி அடித்தது. மனைவி ஈரத் தலையோடு போய்க் கதவைத் திறந்தாள். சுவீடன்காரர் கோட் போட்டு நிற்கிறார், பின்னால் அக்கா கையில் பரிசுப் பொட்டலம்.

"நாங்கள் அஞ்சே முக்காலுக்கே வந்திட்டம், தங்கச்சி. ஆறு மணியெண்டு போட்டிருந்தது. அதுதான் கேற்றடியிலை நிண்டனாங்கள்" என்றார் சுவீடன்காரர்.

வெளியில் நல்ல குளிர். எங்கள் வீட்டுக் கேற்றுக்கும் அவர்கள் வீட்டுக் கேற்றுக்கும் நாலு எட்டு. திரும்பி வீட்டுக்குள் போய் நின்றிருக்கலாம். அது அவருக்குத் தோன்றவில்லை. இரண்டு பேரும் சப்பாத்தைக் கழற்றி வாசலில் ஒழுங்காக அடுக்கிவிட்டு, ஊதாத பலூன்களுக்கு நடுவில் ஒன்றரை மணித்தியாலம் உட்கார்ந்திருந்தார்கள். அழைப்பில் ஒன்பது மணி வரை என்று இருந்தது. கேக் வெட்டியதே எட்டே முக்காலுக்கு. ஒன்பதுக்கு எழும்பிவிட்டார்கள்.

கோயிலிலும் இதே கதைதான். அன்னதான வரிசை என்று ஒன்று எங்கள் ஆட்களுக்கு முதல் ஐந்து நிமிஷம்தான் இருக்கும். பிறகு அது வரிசை இல்லை, சங்காபிஷேகத்துக் கூட்டம். தள்ளத் தள்ள அவர் பின்னுக்குப் போவார். அவர் கோப்பையை நீட்டும்போது தயிர்ச்சோறும் ஊறுகாயும்தான் மிஞ்சியிருக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல் நான் அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன்.

"வாங்கோ அண்ணை முன்னுக்கு. இப்பிடி நிண்டால் பாயாசம் காணமாட்டியள்."

"இல்லைத் தம்பி, என்ரை முறை வரும்" என்றார்.

வராது என்று எனக்குத் தெரியும், அவருக்கு முன்னால் நின்ற முப்பது பேருக்கும் தெரியும். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. சொல்லப் போனால் அவரில் எனக்கு நல்ல பிடிப்பு. ஆனால் அந்தப் பிடிப்புக்குள் எப்போதும் ஒரு எரிச்சல் இருந்தது. இவருக்கு மட்டும் உலகம் இவ்வளவு ஒழுங்காகத் தெரிகிறதே என்று.

நாங்கள் நேரே யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். அதிகாரி என்றால் நாங்கள் முதலில் வாயைப் பூட்டிக்கொள்வோம். சோதனைச் சாவடியில் படித்த பாடம் அது. கேட்டால் தெரியாது என்று சொல், மிஞ்சிக் கேட்டால் பாதியைச் சொல். லண்டனில் முப்பது வருஷம் இருந்தும், நகரசபைக் கவுன்சில்காரன் வந்து கதவைத் தட்டினால் என் நாக்குத் தானாகவே மடங்கிவிடும். அவருக்கு நேர் எதிர். அரசாங்கம் கேட்டால் முழுவதையும் சொல்வார். கேட்காவிட்டால் கேட்கும்வரை காத்திருப்பார். எதைப் பற்றிக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்.

"தேவையெண்டால் எழுதுவினம்."

ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மணிக்கு அவர்கள் வீட்டில் கோப்பி. சுவீடனில் அது ஒரு சடங்கு மாதிரியாம். அக்கா மாவில் ஏலக்காய் போட்டுப் பணிஸ் சுடுவார். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டேன், உங்களுக்கு ஏன் அண்ணை இந்தக் கடிதத்தில் இவ்வளவு நம்பிக்கை என்று. அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா தலையை ஆட்டினார், சொல்லு என்பது மாதிரி.

"நாங்கள் போய் நாலாம் வருஷம் அக்காவின்ரை பேருக்கு ஆஸ்பத்திரியிலையிருந்து ஒரு கடிதம் வந்தது. அவவுக்கு ஒரு வருத்தமுமில்லை. பிழையா வந்திட்டுது எண்டு நினைச்சன். தொழிற்சாலையிலை என்ரை மேற்பார்வையாளரிட்டைக் குடுத்து வாசிப்பிச்சன். அவன் சொன்னான், இந்த வயசுப் பொம்பிளையள் எல்லாருக்கும் வாறது, கட்டாயம் கூட்டிக்கொண்டு போ எண்டு. போனம். மார்பிலை ஒரு சின்னக் கட்டி. ஒரு பயறு அளவு. வெட்டி எடுத்தவை."

அக்கா பணிஸ் தட்டை என் பக்கம் தள்ளினார். "நான் வந்து பாருங்கோ எண்டு கேக்கேல்லைத் தம்பி. அவையள்தான் கூப்பிட்டவை" என்றார்.

"ஊரிலை ஆமி பேர் கூப்பிட்டால் ஆள் திரும்பி வாறேல்லை" என்றார் அவர். "அங்கை பேர் கூப்பிட்டு உயிரைத் திருப்பித் தந்தவை. அதுக்குப் பிறகு நான் எப்பிடி நம்பாமல் இருக்கிறது?"

இரண்டாவது பணிஸையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டுப் பின் வளவில் நான் ஒரு அறை கட்டியிருந்தேன். கவுன்சிலில் அனுமதி எடுத்தது தோட்டச் சாமான் வைக்கிற கொட்டிலுக்கு. கட்டியது கட்டிலும் குசினியும் கழிவறையும் உள்ள ஒரு குட்டி வீடு. அதற்குள் என் மனைவியின் சித்தப்பா மகனும் அவன் பெண்சாதியும் இருந்தார்கள். இப்படி எங்கள் தெருவில் எத்தனை வளவுக்குள் எத்தனை கொட்டில் இருந்தது என்று கேட்டால் நான் இன்றைக்கும் தெரியாது என்றுதான் சொல்வேன்.

ஒரு வியாழக்கிழமை கவுன்சில்காரி வந்திருக்கிறாள். நான் வேலையில். நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்து வேலை செய்கிறவன். மனைவியும் வீட்டில் இல்லை. சுவீடன்காரர் தன் வாசலில் பூங்கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். பின்னால் யாராவது குடியிருக்கிறார்களா என்று அவள் கேட்டிருக்கிறாள். அவர் குழாயைப் பூட்டிவிட்டு, ஓம், ஒரு இளம் சோடி இருக்கிறது, ஏழு மாதமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். எந்தப் பக்கத்தால் போவது என்றும் காட்டியிருக்கிறார்.

கவுன்சிலில் இருந்து கடிதம் வந்ததும் நான் வேலியடிக்குப் போனேன்.

"நீங்களோ அண்ணை சொன்னது?"

"ஓம் தம்பி. அந்தப் பிள்ளை கேட்டது. சொன்னன்."

"தெரியாதெண்டு சொல்லியிருக்கலாமே."

"எனக்குத் தெரியுமே தம்பி" என்றார். முகத்தில் கள்ளம் கபடம் ஒன்றுமில்லை. "ரெண்டும் குளிருக்குள்ளை கிடந்து இருமுதுகள். கவுன்சிலுக்குத் தெரிஞ்சால் அதுகளுக்கு ஒரு நல்ல வீடு குடுப்பினம் எண்டு நினைச்சன்."

கவுன்சில் வீடு கொடுக்கவில்லை. ஆறு கிழமைக்குள் இடிக்கச் சொன்னது. இடித்தேன். சித்தப்பா மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சட்டன் என்ற இடத்தில் ஒரு அறைக்குப் போனான். பெண்சாதிக்கு அப்போது மூன்று மாதம். மாமியார் வீட்டுப் பக்கம் முழுக்க என்னைத்தான் திட்டியது. நான் அவரோடு கதைப்பதை விட்டேன். தெருவில் கண்டால் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு போய்விடுவேன். ஞாயிற்றுக்கிழமைக் கோப்பியும் நின்றது. அவருக்குக் காரணம் விளங்கவேயில்லை என்று நினைக்கிறேன். மூன்று மணிக்கு அக்கா கொஞ்ச நாள் யன்னலடியில் வந்து நின்று பார்ப்பார்.

அந்த நேரத்தில்தான் பிரிட்டன் ஐரோப்பாவை விட்டுப் பிரிகிறது என்று, இங்கே இருக்கிற ஐரோப்பியக் குடிமக்கள் எல்லாரும் தொடர்ந்து இருப்பதற்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்று வந்தது. அந்தந்த நாட்டுப் பாஸ்போட் வைத்திருந்த எங்கள் டென்மார்க், ஜேர்மன், பிரான்ஸ்காரர் எல்லாருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. எனக்கு ஆங்கிலப் படிவம் கை வந்த வேலை. சனிக்கிழமைகளில் பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு இருந்து விண்ணப்பித்துக் கொடுத்தேன். இந்த நாட்டில் குடிவரவு விஷயத்தில் ஆலோசனை சொல்வதற்கு முறைப்படி அனுமதி எடுத்திருக்க வேண்டும். எடுக்காமல் சொல்வது குற்றம். என்னிடம் அனுமதி இல்லை. கோயில் தொண்டுதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று செய்தேன். நாலு பேர் "நீங்கள் இல்லாட்டில் நாங்கள் என்ன செய்யிறது" என்று சொல்வதில் ஒரு பெருமையும் புளுகமும் இருந்தது.

ஒரு சனிக்கிழமை அவர் வந்தார். பின்னுக்குப் பின்னுக்கு நின்று, வயது போனவர்களை எல்லாம் முன்னே விட்டு, கடைசி ஆளாக என் மேசைக்கு வந்தார். மனைவி பக்கத்தில் நின்று எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு கார்டை எடுத்து மேசையில் வைத்தார். நிரந்தர வதிவிடக் கார்ட். பிரிட்டன் பிரிவதற்கு முந்தியே முறையாக விண்ணப்பித்து எடுத்தது.

"தம்பி, என்னட்டையும் அக்காவிட்டையும் இது இருக்கு. இதிலை நிரந்தரம் எண்டு போட்டிருக்கு. திரும்பவும் ஏதும் செய்யவேணுமெண்டால் எங்களுக்கு எழுதுவினம்தானே?"

அந்தக் கார்ட் குறித்த திகதிக்குப் பிறகு செல்லாது. அன்று காலையில் மட்டும் மூன்று பேருக்கு அதை நான் சொல்லியிருந்தேன். அரசாங்கம் யாருக்கும் வீடு தேடிக் கடிதம் போடப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். விண்ணப்பிக்கப் பத்து நிமிஷம் போதும். எனக்கு இடிந்த அறை ஞாபகம் வந்தது, சித்தப்பா மகனின் பெட்டி ஞாபகம் வந்தது.

"ஓம் அண்ணை. எழுதுவினம்" என்றேன்.

"நன்றி தம்பி" என்று கார்டை உறைக்குள் போட்டுக்கொண்டு போனார். கொஞ்சம் அலையட்டும், அடுத்த கிழமை கூப்பிட்டுச் சொல்லுவோம் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். என்னுடையது அதுகூட இல்லை, புத்தியோடு செய்த ஆத்திரம். அடுத்த கிழமை சொல்லவில்லை. அதற்கடுத்த கிழமையும் சொல்லவில்லை. பிறகு கொரோனா வந்து மண்டபத்தைப் பூட்டினார்கள்.

ஊரடங்கு நாட்களில் அவர் வேலை செய்த பேக்கரியிலிருந்து எங்களுக்குப் பாண் கொண்டு வருவார். வாசலில் வைத்து மணி அடித்துவிட்டுக் கேற்றடிக்குப் போய் நிற்பார். நான் கதவைத் திறந்து எடுப்பதைப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டிப் போவார். அப்படித்தான் திரும்பவும் கதைக்கத் தொடங்கினோம். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாள் இருந்தது. ஆனால் அப்போது சொன்னால், முந்தி ஏன் சொல்லவில்லை என்று கேள்வி வரும். வாயைத் திறக்கவில்லை. திகதி கடந்தது. அவர் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார், ஒன்றும் நடக்கவில்லை. அப்படியே போய்விடும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு காலையில் அக்கா குசினியில் விழுந்தார். பாரிசவாதம். வலப்பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. தமிழில் கதைப்பதற்காக நாடு மாறி வந்த மனுஷிக்கு வாயில் ஒரு சொல் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றுவதற்குக் காகிதம் பார்த்தபோதுதான், அங்கேயிருந்த சமூகசேவைப் பெண் கார்ட் செல்லாது என்று கண்டுபிடித்தாள். அக்காவால் தானாக எதுவும் செய்ய இயலாது என்று காரணம் எழுதி அவளே விண்ணப்பித்து எடுத்துக் கொடுத்தாள். எடுத்துக் கொடுத்துவிட்டு, உங்களுடையது எங்கே என்று அவரைக் கேட்டிருக்கிறாள்.

அன்று பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றினார், அடுக்கினார். கதிரையில் இருந்தார்.

"அவை எழுதேல்லைத் தம்பி" என்றார். "ரெண்டு வருஷமா நான் களவா இருந்திருக்கிறன்."

"இப்பவே போடுவம் அண்ணை. பாஸ்போட்டைக் கொண்டு வாங்கோ."

கொண்டு வந்தார். சுவீடன் பாஸ்போட் முடிய மூன்று கிழமை இருந்தது. அது போதும். நான் தொலைபேசியை எடுத்தேன். அவர் பாஸ்போட்டைத் தரவில்லை. முடியப் போகிற பாஸ்போட்டில் விண்ணப்பித்தால் பிறகு எண் மாறும், அதற்கு வேறு அறிவிக்க வேண்டும், ஏற்கெனவே ஒரு பிழை விட்டாயிற்று, இதையாவது முறையாகச் செய்ய வேண்டும் என்றார். லண்டன் தூதரகத்தில் புதிதாக எடுக்க இரண்டு மாதம் செல்லும். சுவீடனுக்குப் போனால் ஒரு கிழமையில் கொடுப்பார்கள்.

"அண்ணை, இஞ்சையிருந்து வெளியிலை போகாதேங்கோ. போனால் திரும்ப உள்ளை விடுவினமோ தெரியாது. விண்ணப்பத்தைப் போட்டிட்டுப் போங்கோ" என்று கெஞ்சினேன். மனைவியும் சொன்னாள். கேட்கவில்லை. பராமரிப்பு இல்லத்தில் பொறுப்பாளரிடம் சொல்லி, அக்காவின் கட்டிலடிச் சுவரில் 'அடுத்த செவ்வாய் வருவன்' என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டுப் போனார்.

திரும்பி வருகிற அன்று காலை நான் அவருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். "கேட்டால் அக்காவைப் பாக்க வந்தனான் எண்டு மட்டும் சொல்லுங்கோ. அது பொய்யில்லையே. சுற்றுலா மாதிரி விட்டிடுவினம். மிச்சத்தை உள்ளை வந்து பாப்பம்."

"ஓம் தம்பி" என்றார்.

லண்டன் விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரியாக இருந்த பெண், எத்தனை நாள் நிற்கப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். நான் இங்கேதான் குடியிருக்கிறேன், பதினாறு வருஷம், பேக்கரியில் வேலை, விண்ணப்பிக்க மறந்து போனேன், இப்போது விண்ணப்பிக்கத்தான் புதுப் பாஸ்போட் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். கூட்டிக்கொண்டு போய் ஒரு அறையில் இருத்தினார்கள். அடுத்த நாள் காலை முதல் விமானத்தில் திருப்பி அனுப்பினார்கள்.

"ஏன் அண்ணை சொன்னனீங்கள்?" என்று நான் தொலைபேசியில் கத்தினேன்.

"அந்தப் பிள்ளை எத்தினை நாள் எண்டு கேட்டது. நான் எந்த நாளைச் சொல்லுறது? நல்ல பிள்ளை தம்பி. தேத்தண்ணி தந்தது. தனக்கும் வேறை வழியில்லை எண்டு சொன்னது" என்றார்.

சுவீடனில் அவருக்கு வீடு இல்லை. அந்தப் பழைய ஊருக்கே போய், கடதாசித் தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஒருவரின் வீட்டில் ஒரு அறையில் இருந்துகொண்டு அங்கிருந்தே விண்ணப்பித்தார். லண்டனில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்தோம். அந்தக் காலத்தில் பிந்தி விண்ணப்பிக்கிறவர்களுக்கு விதிகளை இறுக்கியிருந்தார்கள். கார்ட் போதும் என்று நினைத்தேன் என்ற காரணத்தை மட்டும் வைத்தால் தள்ளிவிடுவார்கள், வேறு வலுவாக ஏதாவது இருக்கிறதா என்று சட்டத்தரணி கேட்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவர் என்னை அழைத்தார்.

"தம்பி, ஒரு விஷயம். நான் அண்டைக்குக் கோயிலிலை உம்மட்டைக் கார்டைக் காட்டிக் கேட்டனான் எல்லோ. நீர் எழுதுவினம் எண்டு சொன்னனீர். அதைச் சட்டத்தரணிக்குச் சொன்னன். அவ சொல்லுறா, படிவம் நிரப்பிக் குடுக்கிற ஆள் பிழையாச் சொன்னவர் எண்டால் அது நல்ல காரணமாம். நீர் ஒரு பக்கத்திலை எழுதிக் கையெழுத்து வைச்சுத் தந்தால் போதுமாம். நீர் வேணுமெண்டு சொல்லேல்லைத்தானே. பிழை எல்லாருக்கும் வாறது."

பிழை என்று அவரே எனக்கு ஒரு வழி விட்டிருந்தார். அதை மட்டும் எழுதினால் போதும். ஆனால் எழுதினால், அனுமதி இல்லாமல் ஆலோசனை சொன்னவன் என்று என் கையெழுத்தோடு ஒரு காகிதம் அரசாங்கத்திடம் போகும். பள்ளிக்கூட வேலை என்ன ஆகும், இன்னும் யார் யாருக்குச் சொன்னாய் என்று கேட்டால் என்ன ஆகும் என்று ஓடியது. என் நாக்கு மடங்கிவிட்டது.

"அண்ணை, எனக்கு அப்பிடிச் சொன்னதா நினைவில்லை" என்றேன்.

"நினைவில்லையோ?"

"இல்லை அண்ணை. அண்டைக்கு நிறையச் சனம். நீங்கள் வந்ததே நினைவில்லை."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நான் ஒருவேளை ஒத்துக்கொண்டிருப்பேன்.

"அப்ப எனக்குத்தான் மாறாட்டம் போல" என்றார். "அக்கா விழுந்த நாளிலையிருந்து எனக்குத் தலை சரியில்லை. உம்மட்டைக் கேட்டது நல்லதாப் போச்சு. நிச்சயமில்லாததை எழுதக்கூடாது. சட்டத்தரணியிட்டை அதை எடுத்துவிடச் சொல்லுறன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். மனைவி குசினி வாசலில் நின்றாள்.

"இஞ்சேருங்கோ. நீங்கள் சொன்னனீங்கள். நான் தேத்தண்ணிக் கேத்திலோடை பக்கத்திலைதான் நிண்டனான்."

"எனக்கு நினைவில்லை எண்டு சொல்லுறன்."

"போன் எடுத்துச் சொல்லுங்கோ. இப்பவே எடுங்கோ. அந்த மனுசி சுவரைப் பாத்துக்கொண்டு கிடக்குது."

நான் மேலே போய்க் கதவைச் சாத்தினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிறது என்று சொல்வார்கள். நான் மறைத்துவிட்டு, அந்தச் சோற்றை மூன்று மாதம் சாப்பிட்டேன். ஒவ்வொரு நாளும் நாளைக்கு எடுத்துச் சொல்வேன் என்றுதான் படுப்பேன். மனைவி வேலை முடிந்து நாள் தவறாமல் பராமரிப்பு இல்லத்துக்குப் போய்ச் சோற்றைக் குழைத்து அக்காவுக்குத் தீத்திவிட்டு வந்தாள். அக்கா செவ்வாய்க்கிழமைகளில் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாராம். எந்த நாள் செவ்வாய் என்று அவருக்கு எப்படித் தெரிகிறதோ என்று மனைவி சொன்னாள். என்னைக் கூட வரும்படி அவள் ஒருநாளும் கேட்கவில்லை.

விண்ணப்பம் மறுக்கப்பட்டது. போதிய காரணம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். மேன்முறையீடு போட்டுவிட்டு இருக்கையில், பங்குனி மாதம் ஒரு காலையில் அக்கா போய்விட்டார்.

செத்த வீட்டுக்கு வருவதற்கு அனுமதி கேட்டார். பதில் வருவதற்குள் நாள் குறித்தாகிவிட்டது. அன்று பின்னேரம் எனக்கு அழைத்தார். அழுதிருந்தார் என்று குரலில் தெரிந்தது.

"தம்பி, அக்காவுக்கு என்னைத் தவிர ஆளில்லை. கொள்ளி நான்தான் வைக்கவேணும். எனக்கு வர ஏலாது. நீரும் எனக்குத் தம்பி மாதிரித்தான். நீர் செய்வீரோ?"

ஏலாது என்று சொல்வதற்கு என்னிடம் என்ன வாய் இருந்தது? ஓம் அண்ணை என்றேன்.

இந்த ஊர் மயானத்தில் கொள்ளி என்றால் உலையைப் பற்றவைக்கிற ஒரு பொத்தான். வேட்டி கட்டி, தோளில் குடம் வைத்து, ஐயர் சொன்னதெல்லாம் செய்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். சித்தப்பா மகனும் வந்திருந்தான். மனைவி கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குள் அவர் கோட் போட்டு, தலை வாரி, ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் எழும்பி நின்றார். கடைசியில் எங்களைக் கீழே கூட்டிக்கொண்டு போய்ப் பொத்தானைக் காட்டினார்கள். மனைவி தொலைபேசியை என் முகத்துக்கு நேரே திருப்பினாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் பொத்தானில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அப்போதும் சொல்லியிருக்கலாம். எல்லாருக்கும் முன்னால், அவருடைய முகத்தைப் பார்த்து, நான்தான் அண்ணை என்று.

"பயப்பிடாமல் அமத்தும் தம்பி" என்றார் அவர். "நான் பாத்துக்கொண்டுதான் நிக்கிறன்."

அமத்தினேன்.